ரெண்டு கிழமை பிந்தும் என்று தெரிந்த பிறகு என்ன செய்வது?

கேள்வி சுருக்கமாக இது. கொழும்பில் ஏழு பேர் கொண்ட டீம் ஒன்றுக்கு நீங்கள் லீட். உள்ளூர் லீசிங் கம்பனி ஒன்றுக்கு, அவர்களுடைய வாடிக்கையாளர்கள் போனில் பாவிக்க ஒரு அப் செய்கிறீர்கள். மார்ச் 31 ஒப்படைக்க வேண்டும். இப்போது மார்ச் முதல் கிழமை. 60 டிக்கெட் (தனித்தனியாகப் பதிந்த சின்னச் சின்ன வேலைகள்) மிச்சம் இருக்கிறது, கிழமைக்கு 11 அளவில் முடிகிறது, ஆகவே ரெண்டு கிழமை பிந்தும் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். மனேஜரோ, "இப்ப ஒண்டும் சொல்ல வேண்டாம், சமாளிப்பம். வேணுமெண்டா மற்ற டீமில இருந்து மூண்டு பேரைத் தாறன்" என்கிறார். என்ன செய்யலாம்?

இந்தக் கிழமையே கிளையன்டுக்குச் சொல்ல வேண்டும். ஆனால் உங்கள் கையிலிருக்கும் அந்த "ரெண்டு கிழமை"யை அப்படியே கொண்டுபோய்ச் சொல்லாதீர்கள், அது பிழையான எண். முதல் திகதி தவறுவதைப் பெரும்பாலான கிளையன்ட்கள் முகம் சுளித்தாவது பொறுத்துக்கொள்வார்கள். நாமாக வாய்விட்டுக் கொடுத்த இரண்டாவது திகதியும் தவறும்போதுதான் விஷயம் கைமீறுகிறது. நாளுக்கு ரெண்டு மீட்டிங், டைரக்டரிடமிருந்து நேரடியாகப் போன், இன்வொய்ஸை இழுத்தடிப்பது எல்லாம் அதற்குப் பிறகு வருபவை. ஆகவே நான் சொல்லப்போவது முழுக்க இந்த இரண்டாவது திகதியைப் பற்றித்தான்.

முதலில் எண்ணைச் சரிபார்ப்போம். 60ஐ 11ஆல் பிரித்து ஐந்தரைக் கிழமை என்று எடுத்திருக்கிறீர்கள். கையில் இருப்பது நாலு. மிச்சம் ஒன்றரை, சரி, ரெண்டு என்று வைத்துக்கொண்டீர்கள். இதில் முடிகிற டிக்கெட் மட்டும்தான் இருக்கிறது, புதிதாக வருவது இல்லை. சோதித்துப் பார்க்கும் கியூஏ ஆட்கள் திருப்பி அனுப்புவது, கிளையன்ட் "இதையும் ஒருக்கா பாருங்கோ" என்பது, ஒன்றைத் திருத்தப்போய் இன்னொன்று உடைவது என்று கிழமைக்கு நாலு புதிதாக வந்தாலே, உண்மையில் குறைவது 11 அல்ல, 7. அறுபதை ஏழால் பிரித்தால் எட்டரைக் கிழமை. நாலு என்பது என் ஊகம்தான். டிக்கெட்டுகளைப் பதிந்துவைக்கும் ஜிரா மென்பொருளில், டிக்கெட் உருவாக்கிய திகதியை வைத்து கடந்த நாலு கிழமையை வடிகட்டிப் பார்த்தால் உங்களுடைய சொந்த எண் கிடைக்கும். பத்து நிமிஷ வேலை.

இனி நாட்காட்டியைத் திறவுங்கள். மார்ச் 31இலிருந்து ரெண்டு கிழமை என்றால் ஏப்ரல் 14. சித்திரைப் புத்தாண்டு! அன்றைக்கு யாருக்கு, எங்கே டெலிவரி கொடுக்கப்போகிறீர்கள்? உங்கள் டீமில் ஒருவர் யாழ்ப்பாணம் போயிருப்பார், ஒருவர் ஹற்றன், ஒருவர் மாத்தறை. கிளையன்டின் ஆட்களும் ஊரில்தான் இருப்பார்கள். 13, 14 இரண்டு நாள்தான் விடுமுறை என்று அரசாங்க நாட்காட்டி சொல்லும். கொழும்பில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், அதற்கு முந்திய ரெண்டு நாளும் பிந்திய மூன்று நாளும் ஒப்புதல் கையெழுத்து ஒன்று வாங்க முடியாது. ஏப்ரல் போயா (பௌர்ணமி விடுமுறை) ஒன்று இருக்கிறது, பெரிய வெள்ளியும் அநேகமாக அந்த வாக்கில்தான் வரும். அதைத் தாண்டினால் மே தினம், பிறகு வெசாக், அதற்கு மறுநாளும் விடுமுறை. எட்டரைக் கிழமை மே தொடக்கத்தில் முடியும் என்று தாளில் வந்தால், இந்த நாட்களைக் கழித்தபின் மே நடுப்பகுதியில் வந்து நிற்கும். ஆக நீங்கள் பிந்தப்போவது ரெண்டு கிழமை இல்லை, ஆறு கிழமைக்கு மேல்.

பயந்துவிட வேண்டாம். உங்கள் கெட்டித்தனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1994இல் கனடாவில் மூன்று உளவியலாளர்கள் ஆய்வுக்கட்டுரை எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம், எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரிப் பதில் கிட்டத்தட்ட 34 நாள். எடுத்தது சராசரியாக 55 நாளுக்கு மேல். எல்லாம் மோசமாகப் போனால் எவ்வளவு எடுக்கும் என்றும் கேட்டிருந்தார்கள், அதற்குச் சொன்ன சுமார் 49 நாளையும் அது தாண்டிவிட்டது. மனிதர் வேலையை உள்ளேயிருந்து பார்த்து மதிப்பிடும்போது இப்படித்தான் ஆகும் என்று உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979லேயே எழுதியிருந்தார்கள். மருந்தும் அவர்கள் சொன்னதுதான்: இந்த வேலை எவ்வளவு எடுக்கும் என்று யோசிக்காமல், இதைப் போன்ற வேலைகள் இதுவரை எவ்வளவு எடுத்தன என்று பாருங்கள். மேலே ஜிராவில் பார்க்கச் சொன்னதும் இதற்காகத்தான்.

டிக்கெட் எண்ணிக்கை சொல்லாத ஒன்றையும் பார்த்துவிடுங்கள். டெவலப்பர்களிடம் "எத்தனை வீதம் முடிஞ்சுது?" என்று கேட்காதீர்கள். எப்போதும் தொண்ணூறுதான். "இது கிளையன்டின் கையில் போக இன்னும் என்னென்ன நடக்கவேண்டும்?" என்று கேளுங்கள். உங்களுடைய அப்பில் தவணை கட்டும் பகுதி இருக்கும், அதை எடுத்துப் பாருங்கள். டிக்கெட் போர்டில் "ஒரு நாள் வேலை" என்று இருக்கும். பக்கத்தில் இருந்து கேட்டால், வங்கியின் டெஸ்ட் சூழலோடு இணைய எங்கள் சேர்வரின் ஐபி முகவரியை அவர்கள் அனுமதிக்க வேண்டும், அதற்கு ஒரு படிவம், படிவத்தில் லீசிங் கம்பனியின் அதிகாரி ஒருவர் கையொப்பம், அவர் லீவில் இருக்கிறார் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். இணைந்த பிறகும் வங்கி தன் சோதனைப் பட்டியலை ஓடவிட்டுத்தான் நேரலைக்கு விடும். கோட் எழுதுவது ஒரு நாள் என்பது உண்மைதான். மற்றதெல்லாம் அடுத்தவர் கையில் இருக்கும் நாட்கள், நாம் இரவு விழித்தாலும் குறையாது. இப்படி வெளியார் கையில் இருக்கிற டிக்கெட்டுகளைத் தனியாக எடுத்து இன்றைக்கே போன் அடிக்கத் தொடங்குங்கள்.

சரி, கணக்கு கையில் இருக்கிறது. மனேஜரிடம் போவதற்கு முன் இன்னொன்று தெரிந்திருக்க வேண்டும்: மார்ச் 31 எங்கிருந்து வந்தது?

இலங்கையில் அநேக கம்பனிகளின் நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. ஆகவே இந்தத் திகதி கிளையன்டின் ஐடி தலைவருடைய பட்ஜெட்டிலிருந்து வந்திருக்கலாம். இந்த ஆண்டுக் காசை இந்த ஆண்டே செலவழித்ததாகக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். அப்படியென்றால் அவருக்கு வேண்டியது முழு அப் அல்ல, ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டதற்கான கையொப்பம். அல்லது மார்க்கெட்டிங் ஆட்கள் புத்தாண்டுக்கு விளம்பரம் போடத் தயாராக இருக்கலாம். அப்படியென்றால் வாடிக்கையாளர் கண்ணில் படும் பகுதி வேண்டும், கிளை மனேஜருக்கான அறிக்கைகள் இல்லாமல் போனாலும் யாரும் கவனிக்கமாட்டார்கள். சட்டமோ ஒழுங்குமுறையோ விதித்த திகதி என்றால் கதை வேறு, அதில் பேரம் கிடையாது. சில வேளைகளில் ஒரு மீட்டிங்கில் யாரோ வாய்க்கு வந்ததைச் சொல்லி, அது கல்லில் எழுத்தாகிவிட்ட திகதியாகவும் இருக்கும். கிளையன்டின் பக்கம் உங்களோடு தினமும் கதைக்கும் ஒருவர் இருப்பாரே, அவரிடம் சாதாரணமாகக் கேளுங்கள்: "31ஆம் திகதி அங்க என்ன நடக்குது?" பெரும்பாலும் சொல்லிவிடுவார்.

அதைத் தெரிந்துகொண்டு 60 டிக்கெட்டையும் பிரியுங்கள். தவணை எவ்வளவு என்று பார்ப்பது, கட்டுவது, பற்றுச்சீட்டு வருவது: இந்த மூன்றுக்கும் சேர்த்து ஒரு 20 டிக்கெட் இருக்குமென்றால், கிழமைக்கு ஏழு வீதம் நாலு கிழமையில் 28. இடைவெளியோடு அடங்குகிறது. புதிய லீசிங் விண்ணப்பம், ஆவணங்களைப் படம் பிடித்து ஏற்றுவது, கிளை அறிக்கைகள் எல்லாம் மே மாதத்துக்குப் போகட்டும். எல்லாவற்றிலும் பாதி பாதி செய்து 31இல் கொடுப்பதுதான் இருப்பதிலேயே மோசமான வழி, ஆனால் பதற்றத்தில் டீம்கள் இயல்பாக அதற்குத்தான் போகின்றன.

அமெரிக்காவின் டென்வர் விமான நிலையத்தின் கதை இதற்குப் பொருந்தும். 1993 அக்டோபரில் திறப்பதாக இருந்தது. தானியங்கிப் பயணப்பொதி முறை ஒன்று வேலை செய்யாததால் முழு விமான நிலையமும் 16 மாதம் மூடிக்கிடந்தது. கடைசியில் 1995 பெப்ரவரியில் எப்படித் திறந்தார்கள்? பொதிகளில் பெரும்பகுதியை வழக்கமான இழுவை வண்டிகளுக்கு மாற்றிவிட்டு, தானியங்கி முறையை ஒரே ஒரு விமானக் கம்பனியின் புறப்படும் விமானங்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டார்கள். அதையும் 2005இல் கைவிட்டார்கள். முழுவதும் தானியங்கியாக வராது என்று முன்னமே ஒத்துக்கொண்டிருந்தால் ஓடுபாதைகள் அத்தனை காலம் சும்மா கிடந்திராது.

அப்பில் எதைப் பிற்போடுவது என்று வெட்டும்போது தமிழைப் பற்றி ஒரு வார்த்தை. இது என் சொந்தக் குறை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். மூன்று மொழியில் வரவேண்டிய அப் பிந்தத் தொடங்கினால் "தமிழை இரண்டாம் கட்டத்தில் போடுவோம்" என்ற யோசனை முதல் மீட்டிங்கிலேயே வரும். அந்த இரண்டாம் கட்டம் வருவது குறைவு. 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்திலிருந்து தமிழும் அரசகரும மொழி என்ற வாதமெல்லாம் தனியார் கம்பனியின் டெலிவரி மீட்டிங்கில் எடுபடாது. எடுபடுவது இதுதான்: உங்கள் கிளையன்டுக்கு வவுனியாவிலும் மட்டக்களப்பிலும் கிளை இருக்கிறதா? அங்கே தவணை கட்டுகிறவர் எந்த மொழியில் பட்டனை வாசிப்பார்? உதவிப் பக்கங்களும் நிபந்தனைகளும் வேண்டுமானால் பிந்தட்டும், காசு கட்டும் திரை மூன்று மொழியிலும் முதல் நாளே இருக்கட்டும். அதோடு தமிழைக் கடைசியில் ஒட்டினால் வேலை கூடுமே தவிரக் குறையாது. ஆங்கிலத்தில் "பே" என்று சிறிதாக இருந்த பட்டனில் தமிழ்ச் சொல் அடங்காது. எஸ்எம்எஸ் ஒன்றில் ஆங்கில எழுத்து 160 போகும், தமிழோ சிங்களமோ என்றால் 70தான், ஆகவே பற்றுச்சீட்டுச் செய்தி ரெண்டு மூன்றாக உடைந்து கிளையன்டின் எஸ்எம்எஸ் செலவு ஏறும். இதெல்லாம் மே மாதத்தில் கண்டுபிடிக்க வேண்டிய விஷயங்கள் அல்ல.

மனேஜர் தருவதாகச் சொன்ன மூன்று பேர்? நன்றி சொல்லிவிட்டுத் தவிர்த்துவிடுங்கள். பிந்திய மென்பொருள் வேலையில் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் பிந்தும் என்று ஐபிஎம்மில் ஓஎஸ் 360 என்ற கணினி இயங்குதள வேலையை நடத்திய ஃப்ரெட் புரூக்ஸ் 1975இல் எழுதினார், இன்றைக்கும் மாறவில்லை. ஏழு பேர் ஒருவரோடொருவர் கதைத்துக்கொள்ள 21 இணைப்பு. பத்துப் பேரென்றால் 45. வருகிறவருக்குச் சொல்லிக்கொடுக்கப்போவது உங்கள் டீமில் அதிகம் தெரிந்தவர், அதாவது இப்போது அதிக டிக்கெட் முடிக்கிறவர். நாலு கிழமைக்குள் அந்த நட்டம் திரும்பாது. ஒரே ஒரு விதிவிலக்கு: உள்ளே வரத் தேவையில்லாத வேலைக்கு ஆள் எடுக்கலாம். அந்த மூவரில் ஒருவர் கியூஏ என்றால் தாராளமாக எடுங்கள், பழைய போன்களில் எல்லாம் போட்டுச் சோதிக்க ஒருவர் உட்கார்ந்தால் பெரிய உதவி.

இரவு வேலை பற்றிச் சுருக்கமாக. கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணி, கிழமைக்கு 45 மணி என்றுதான் வைத்திருக்கிறது. நம் துறையில் அதை யாரும் நினைப்பதில்லை என்பது வேறு விஷயம். எந்தத் திகதியில் முடியும் என்று சொல்லி ஒரு கிழமை இழுத்துப்பிடிக்கலாம். முடிவில்லாமல் இழுத்தால் களைத்த கை எழுதும் கோட்டைத் திருத்தவே அடுத்த கிழமை போகும். 2022க்குப் பிறகு எத்தனை நல்ல டெவலப்பர்கள் நாட்டை விட்டுப் போனார்கள் என்று உங்களுக்கே தெரியும், இருப்பவர்களை இப்படி விரட்ட வேண்டாம். இருக்கச் சொன்னால் வீட்டுக்குப் போக வாகனக் காசு கம்பனி கொடுக்கட்டும். வெள்ளிக்கிழமை இரவு வாங்கும் கொத்தில் மரக்கறிக் கொத்தும் இருக்கட்டும். அப்புறம், ஏற்கெனவே கொடுத்த ஏப்ரல் லீவை வெட்டாதீர்கள். ஊருக்கு டிக்கெட் எடுத்துவைத்தவரை மறித்து உட்காரவைத்தால் உட்காருவார், வேலை நடக்காது.

இனி மனேஜர். "சமாளிப்பம்" என்பவர் கெட்டவர் அல்ல, பெரும்பாலும் தனக்கு மேலே யாருக்கோ வாக்குக் கொடுத்துவிட்டவர். அவரிடம் வெறுமனே "முடியாது" என்று போனால் அவரும் அதையே மேலே கொண்டுபோக வேண்டும், அதனால்தான் தள்ளிப்போடுகிறார். அவர் கொண்டுபோகக்கூடிய ஒரு பக்கத்தைக் கொடுங்கள்: 60, 11, 4 என்ற கணக்கு, நாட்காட்டி, 31இல் தரக்கூடியது எது, மே மாதத்தில் எது. ஒப்பந்தத்தையும் இருவரும் சேர்ந்து வாசியுங்கள். தாமதத்துக்குத் தண்டப்பணம் இருக்கிறதா, பகுதி பகுதியாக ஒப்படைக்கலாமா, தாமதத்தை எத்தனை நாளுக்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும்? அறிவிக்க வேண்டும் என்று ஒரு வரி இருந்தால் அவருடைய "இப்ப சொல்ல வேண்டாம்" தானாகவே விழுந்துவிடும். கிளையன்ட் பிந்தித் தந்தவை இருந்தால் (அவர்களுடைய சிஸ்டத்தோடு இணையும் விபரம், லோகோ, மொழிபெயர்ப்பு, எதுவானாலும்) திகதியோடு தனித்தாளில் குறித்து வையுங்கள். ஆனால் அதை வைத்துப் பேச்சைத் தொடங்க வேண்டாம். தொடங்கினால் அடுத்த ஒரு மணி நேரம் யார் பிழை என்பதிலேயே போகும்.

கதைத்த பிறகும் அவர் மறுத்தால் அவரைத் தாண்டிக் கிளையன்டிடம் ஓடாதீர்கள். அன்றைக்கே அவருக்கு ஒரு சின்ன மின்னஞ்சல் போடுங்கள்: "இன்று கதைத்தபடி, தற்போதைய வேகத்தில் முழு அப் மே நடுப்பகுதியில்தான் முடியும். வரும் திங்கள் மறுபடி பார்ப்போம்." குற்றம்சாட்டும் தொனி வேண்டாம். எழுத்தில் வந்த எண்ணுக்கு ஒரு பாரம் உண்டு, திங்கட்கிழமைக்கு முன்பே கூப்பிடுவார்.

கிளையன்டுக்கு முதலில் போன், அல்லது நேரில். கொழும்புக்குள் என்றாலும் போய்வர அரை நாள். அந்த அரை நாள் வீண் இல்லை. வந்த கையோடு எழுத்தில். ஆங்கிலத்தில்தான் அனுப்புவீர்கள், சாரம் இப்படி இருக்கட்டும்:

"மார்ச் 31இல் முழு அப்பையும் தருவதாகச் சொல்லியிருந்தோம். எங்களால் அது முடியாது. தவணை விபரம், கட்டணம், பற்றுச்சீட்டு ஆகியவை மூன்று மொழியிலும் 31இல் உங்கள் சோதனைக்குத் தயாராக இருக்கும். விண்ணப்பம், ஆவணங்கள், கிளை அறிக்கைகள் மே 25இல். வங்கிப் படிவத்தில் உங்கள் கையொப்பம் இந்த வெள்ளிக்குள் தேவை, அது பிந்தினால் கட்டணப் பகுதியும் அதே அளவு பிந்தும். வேறு வரிசையில் வேண்டுமென்றால் வெள்ளிக்குள் சொல்லுங்கள், மாற்றலாம். ஒவ்வொரு வெள்ளியும் மாலை நாலு மணிக்கு நிலவரம் அனுப்புவோம்."

"சில எதிர்பாராத காரணங்களால்" இல்லை. "முயற்சி செய்கிறோம்" இல்லை. "முடியாது" இரண்டாவது வரியிலேயே வந்துவிடுகிறது. கணக்கில் மே நடுப்பகுதி வந்தாலும் எழுதியது மே 25. அந்தப் பத்து நாளைப் பேரத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள், யாராவது ஒருவருக்கு டெங்கு வந்தாலே தீர்ந்துவிடும். "மே 10 என்று போடுவோமா?" என்று கேட்டால், "போடலாம், அறிக்கைகளில் எதை எடுத்துவிடுவோம்?" என்று திருப்பிக் கேளுங்கள்.

வெளிநாட்டுக் கிளையன்ட் என்றால் ஒரே வித்தியாசம், அவர்களுக்கு நம் மௌனம் வாசிக்கத் தெரியாது. இங்கே நாம் "பாப்பம் சேர்" என்றால் ஆகாது என்று உள்ளூர்க்காரர் விளங்கிக்கொள்வார். லண்டனில் இருப்பவர் அதைச் சரி என்று எழுதிவைத்துக்கொள்வார்.

சொல்லி முடித்த பிறகு செய்ய வேண்டியது இரண்டு. வெள்ளிக்கிழமை நிலவரம் ஒரு தடவையும் தவறக்கூடாது, சொல்ல ஒன்றும் இல்லாத கிழமையிலும். எத்தனை முடிந்தது, எத்தனை புதிதாக வந்தது, 31உம் மே 25உம் இன்னும் நிற்கின்றனவா என்று மூன்று வரி போதும். எண் மோசமாகத் தொடங்கினால் அவர்களும் கூடவே பார்ப்பார்கள், யாரும் திடுக்கிட மாட்டார்கள். மற்றது, வாட்ஸ்அப். கிளையன்டின் டைரக்டர் ஒருவர் இரவு பத்து மணிக்கு உங்கள் டெவலப்பருக்கு நேரே குரல்செய்தி அனுப்புவார், "தம்பி, சின்ன மாற்றம் ஒண்டு". மரியாதைக்காகத் தம்பியும் செய்து கொடுத்துவிடுவான். அந்தக் கிழமைக்கு நாலு என்ற எண்ணில் பாதி இப்படி வருவதுதான். டெவலப்பர் சொல்ல வேண்டிய பதில் ஒன்றை நீங்களே எழுதிக்கொடுங்கள்: "சரி சேர், லீடிடம் குடுத்திட்டன், அவர் திகதியோட சொல்லுவார்." மறுநாள் நீங்கள் அதை டிக்கெட்டாகப் போட்டு, 31க்கு முன் வேண்டுமென்றால் எதை வெளியே எடுப்பது என்று அவரிடமே கேளுங்கள். அநேகமாக, "இல்லை இல்லை, அது பிறகு பாப்பம்" என்பார்.